கிராஸ் பில்ட்: தோற்றால் நல்லது, ஜெயித்தால்தான் சந்தேகம்

எங்கள் கருவிக்குள் இருப்பது 64 பிட் ஆர்ம் பிராசஸர். அதில் ஓடுவது டெபியன் 12 என்ற லினக்ஸ். டெபியன் தரும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவோம். சிலவற்றுக்கு மட்டும் எங்கள் பேட்ச் சேர்த்து, சோர்ஸிலிருந்து மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். கூடவே, சிப் விற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போன பழைய சோர்ஸ் ஒன்று, நாங்களே எழுதியவை கொஞ்சம். மேசை மேல் இருப்பதோ இன்டெல் லேப்டாப். கருவிக்குள் இருக்கும் ஆர்ம் போர்டுக்கான நிரலை இந்த லேப்டாப்பில் கம்பைல் செய்வதுதான் கிராஸ் பில்ட். சில வருடங்களாக இந்த வேலை என் பொறுப்பில்தான் ஓடுகிறது. டெபியன், உபுண்டு, ராஸ்பெரி பை ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிக்கு மேல் நேராகவே பயன்படும்.

"போர்டிலேயே பில்ட் பண்ணிட வேண்டியதுதானே?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சின்ன சி நிரல் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். 1 ஜிபி ராமும் எஸ்டி கார்டும் உள்ள போர்டில் பெரிய சி++ பேக்கேஜ் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து லிங்க் செய்யும் கட்டத்தில் மெமரி தீர்ந்து, கெர்னலே லிங்கரைக் கொன்றுவிடும். இன்னொரு வழி கியூஎமு. லேப்டாப்புக்குள் ஆர்ம் சூழல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு ஆர்ம் கட்டளையையும் மாற்றி மாற்றி ஓட்டும். வேலை நடக்கும், ஆனால் கம்பைலரே அந்த மாற்றத்துக்குள் ஓடுவதால் பல மடங்கு மெதுவாக நடக்கும். கிராஸ் கம்பைலில் கம்பைலர் இன்டெல் வேகத்திலேயே ஓடும், அது உமிழும் குறிமுறை மட்டும் ஆர்முக்கானது. வேகத்துக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

முதலில் மூன்று பெயர்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எந்த எரரும் புரியாது. குனூ வழக்கில் பில்ட் என்றால் கம்பைல் நடக்கும் மெஷின், ஹோஸ்ட் என்றால் முடிவில் நிரல் ஓடப்போகும் மெஷின். எங்களுக்கு பில்ட் லேப்டாப், ஹோஸ்ட் போர்டு. டார்கெட் என்ற மூன்றாவது, கம்பைலர் போன்றவற்றையே பில்ட் செய்பவர்களுக்கு மட்டும்தான் தேவை, மற்றவர்கள் மறந்துவிடலாம். கிராஸ் பில்டில் வரும் அநேகமாக எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில்தான் முளைக்கிறது: ஹோஸ்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று பில்ட் மெஷினைப் பார்த்துவிடுகிறது.

டெபியனில் அடிப்படை ஏற்பாடு எளிதுதான். ஆர்ம்64 என்ற இன்னொரு ஆர்கிடெக்சரும் உண்டு என்று பேக்கேஜ் நிறுவும் கருவியான டிபிகேஜியிடம் பதிந்து, பேக்கேஜ்களை இறக்கித் தரும் ஆப்டுக்கு அப்டேட் கொடுத்து, கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்64 பேக்கேஜைப் போட்டால் கம்பைலரும் லிங்கரும் வந்துவிடும். ஆப்ட் சோர்ஸ் கொண்டு சோர்ஸை இறக்கி, பில்டுக்குத் தேவையானவற்றை நிறுவும் பில்ட்-டெப் கட்டளைக்கும் பேக்கேஜைக் கட்டும் டிபிகேஜி-பில்ட்பேக்கேஜுக்கும் ஆர்ம்64 என்று ஹோஸ்டைச் சொல்லிவிட வேண்டியது. டெபியன் 7 முதல் மல்டிஆர்ச் வந்துவிட்டதால் இரண்டு ஆர்கிடெக்சரின் லைப்ரரிகளும் ஒரே மெஷினில் தனித்தனி அடைவுகளில் சண்டையில்லாமல் இருக்கும். உபுண்டு 22.04 வைத்திருந்தால் ஒரு கூடுதல் வேலை: ஆர்ம்64 பேக்கேஜ்கள் வழக்கமான சர்வரில் இல்லை, போர்ட்ஸ் என்ற தனி சர்வரில் உள்ளன. சோர்ஸஸ் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆர்கிடெக்சர் என்று பிரித்து எழுதாவிட்டால் அப்டேட்டில் 404 ஆக வரிசைகட்டி வரும்.

இதை நேராக லேப்டாப்பில் செய்யவே கூடாது. எங்களோடு சேர்ந்த இளைஞர் ஒருவர் பில்ட்-டெப் கொடுத்துவிட்டு என் இருக்கைக்கு வந்தார்.

"அண்ணே, இதைப் போடணும்னா டெஸ்க்டாப்பையே கழட்டணும்னு ஆப்ட் சொல்லுது. எஸ் கொடுத்துரவா?"

"கீபோர்டிலேர்ந்து கையை எடு தம்பி, மொதல்ல."

நடந்தது இதுதான். அந்தப் பேக்கேஜ் பில்ட் ஆக பைத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தது. எந்த ஆர்கிடெக்சரின் பைத்தான் என்று குறிப்பிடாவிட்டால் ஆப்ட் அதை ஹோஸ்டுடையது என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தான்3 பேக்கேஜ் இரண்டு ஆர்கிடெக்சருக்கும் ஒரே நேரத்தில் நிறுவ முடியாதது. ஆக, ஆர்ம் பைத்தானைப் போட இன்டெல் பைத்தானைக் கழற்ற வேண்டும். அதை நம்பி நிற்கும் டெஸ்க்டாப்பும் கூடவே போகும். போட்டாலும் புண்ணியமில்லை, ஆர்ம் பைத்தான் லேப்டாப்பில் ஓடாது. சரியான தீர்வு, பேக்கேஜின் தேவைகளை எழுதியிருக்கும் டெபியன்/கன்ட்ரோல் கோப்பில் பைத்தான்3 என்பதற்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் எனி என்பதும் சேர்ப்பது. சில கருவிகளுக்கு நேட்டிவ் என்று போட வேண்டியிருக்கும். மற்றவர்கள் பேக்கேஜில் கிராஸ் பில்டுக்காக நான் போட்ட பேட்ச்களில் கணிசமானவை இந்த ஒற்றைச் சொல்தான்.

அன்றிலிருந்து எல்லாமே எஸ்பில்ட் என்ற பில்ட் கருவிக்குள். எம்எம்டெப்ஸ்ட்ராப் கொண்டு வெறும் அடிப்படை மட்டும் உள்ள சிரூட் ஒன்றை, அதாவது லேப்டாப்புக்குள்ளேயே தனித்து நிற்கும் ஒரு சின்ன டெபியனைச் செய்து வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பில்டும் அதன் புது நகலில் தொடங்கி, முடிந்ததும் அழிந்துவிடும். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்க, இதில் பெரிய லாபம் வேறு. உங்கள் லேப்டாப்பில் ஏற்கனவே கிடக்கும் இன்டெல் லைப்ரரிகள், ஹெடர்கள் அந்த சிரூட்டுக்குள் இல்லை. தவறிப்போய்ப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் எதுவும் இல்லாததால், தவறு உடனே எரராக வெளியே வந்துவிடுகிறது. வாரக்கணக்கில் பில்ட் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் ஸ்னாப்ஷாட் டெபியன் தளத்தில் ஒரு தேதியைப் பிடித்து அதிலிருந்து எடுங்கள். மல்டிஆர்ச் லைப்ரரிகள் இரண்டு ஆர்கிடெக்சரிலும் அச்சு அசலாக ஒரே பதிப்பாக இருந்தால்தான் ஒன்றாக நிறுவ முடியும். எப்போதும் மாறிக்கொண்டிருக்கும் டெபியன் அன்ஸ்டேபிளில் ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் அன்றைக்கு உங்கள் பில்டும் நின்றுபோகும்.

இனி பில்டே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எளிதாகப் பிடிபடும் எரர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 64 பிட் ஆர்ம் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டதே 2011இல். அதற்கு முந்தைய சோர்ஸில் உள்ள மெஷின் பெயர்களை அடையாளம் காணும் கான்ஃபிக் டாட் சப் கோப்புக்கு ஏஆர்ச்64 என்ற பெயரே (ஆர்ம்64க்கு குனூ வழக்கில் அதுதான் பெயர்) தெரியாது, முதல் நிமிடத்திலேயே மெஷின் அடையாளம் தெரியவில்லை என்று நின்றுவிடும். அந்தக் கோப்புகளைப் புதுப்பிக்கும் ஆட்டோரீகான்ஃப் ஓட்டினால் சரி. டெபியனின் பேக்கேஜ் உதவிக் கருவியான டெப்ஹெல்பரில் நிலை 10 முதல் அது தானாகவே நடக்கும். லிங்கர் "இன்காம்பேட்டிபிள்" என்று ஒரு லைப்ரரியைத் தாண்டிப் போவதாகச் சொன்னால், அது எக்ஸ்86 (இன்டெல் வகை) அடைவில் தேடுகிறது என்று பொருள். பெரும்பாலும், பில்ட் படிகளை எழுதியிருக்கும் மேக்ஃபைலில் யாரோ லைப்ரரி இருக்கும் இடத்தைச் சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிகை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். ஏஆர்ச்64 முன்னொட்டு உள்ள பேக்கேஜ்-கான்ஃபிகைக் கூப்பிட வைக்க வேண்டும். கம்பைல் ஆன கோப்பிலிருந்து தேவையற்ற விவரங்களை நீக்கும் ஸ்ட்ரிப் கருவி "கோப்பின் வடிவம் தெரியவில்லை" என்றால் மேக்ஃபைலில் கம்பைலரைக் குறிக்கும் சிசி என்பதற்கு, லேப்டாப்பின் கம்பைலரான வெறும் ஜிசிசி என்று கெட்டியாக எழுதிவைத்திருக்கிறார்கள். முழுப் பேக்கேஜும் இன்டெலுக்கே கம்பைல் ஆகியிருக்கும். ஆர்முக்கான ஸ்ட்ரிப் அதைப் பார்த்து விழிக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் வருவது, ஓடும் மெஷினின் வகையைச் சொல்லும் யூநேம் கட்டளையைக் கூப்பிடும் மேக்ஃபைல்களைப் பார்த்தால்தான். லேப்டாப்பில் யூநேம் ஓடினால் எக்ஸ்86 என்றுதான் சொல்லும். உடனே அந்த மேக்ஃபைல் எக்ஸ்86க்கே உரிய எஸ்எஸ்இ விருப்பங்களையெல்லாம் சேர்த்து ஆர்ம் கம்பைலரிடம் நீட்டும், அது தெரியாத விருப்பம் என்று கைவிரிக்கும். ஒருவருக்கு அளவெடுத்து இன்னொருவருக்குச் சட்டை தைப்பதுதான் இது. கம்பைலரிடமே டம்ப்மெஷின் என்று கேட்டால் எந்த மெஷினுக்கு என்று சரியாகச் சொல்லியிருக்கும்; கேட்பதில்லை.

ஆனால் மேலே சொன்னவை எல்லாம் நல்ல பிள்ளைகள். எரர் காட்டி நின்றுவிடுகின்றன. பில்ட் முடிந்து, டெப் என்ற பேக்கேஜ் கோப்பு வந்து, போர்டில் நிறுவியும் ஆன பிறகு தெரியவருவதுதான் ஆளைக் கொல்லும்.

எங்கள் பேக்கேஜ் ஒன்று பிணையத்தில் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் பேச வேண்டியது. கிராஸ் பில்ட் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. போர்டில் போட்டால் பாதுகாப்பான இணைப்பே வேண்டாம் என்கிறது. லாகைத் தோண்டினால், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் கான்ஃபிகர் கட்டத்தில் ஒரே ஒரு வரி: டிஎல்எஸ்ஸுக்கான லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் இருக்கிறதா என்பதற்கு "நோ". அது கட்டாயமில்லாத வசதி என்று எழுதப்பட்டிருந்ததால், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று விட்டுவிட்டுப் போய்விட்டது. காரணம் பழைய கதைதான்: தேடும் இடம் தவறு. கட்டாயமில்லாத வசதிகளைக் கட்டாயமாக்கும் விருப்பங்களை, பேக்கேஜின் பில்ட் விதிகள் உள்ள டெபியன்/ரூல்ஸில் வெளிப்படையாக எழுதிவைப்பது எங்களுக்கு அதன்பிறகு சட்டமாகிவிட்டது.

இதைப் பிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு, பலரும் பயன்படுத்துவதில்லை. டெபியன் தன் ஆர்ம்64 பேக்கேஜ்களை ஆர்ம் சர்வர்களிலேயே பில்ட் செய்கிறது. அதே பதிப்பின் டெப் கோப்பை அங்கிருந்து இறக்குங்கள். பேட்ச் எதுவும் போடாத சோர்ஸை நீங்கள் கிராஸ் பில்ட் செய்யுங்கள். இரண்டையும் டெப்டிஃப் கொண்டு ஒப்பிடுங்கள். எங்கள் கதையில், பேக்கேஜ் ஓட என்னென்ன வேண்டும் என்று சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில் ஓபன்எஸ்எஸ்எல்லின் லிப்எஸ்எஸ்எல்3 காணாமல் போயிருந்தது. டெப்டிஃப் அதை நொடியில் காட்டிவிடும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க டிஃபோஸ்கோப் இருக்கிறது, கோப்புக்குள் கோப்பாக இறங்கிப் போய் வித்தியாசம் சொல்லும். புதுப் பேக்கேஜ் எதையும் இந்த ஒப்பீடு முடியாமல் பேட்ச் பக்கம் நான் போவதில்லை.

அந்த கான்ஃபிகரை உண்டாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் செய்யும் இன்னொரு வேடிக்கை. சில சோதனைகளை அது நிரல் ஒன்றைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யும். கிராஸ் பில்டில் ஓட்ட முடியாது. அப்போது ஊகிக்கும், ஊகம் பெரும்பாலும் அவநம்பிக்கையானது. பழைய ஆட்டோகான்ஃப் உள்ள சோர்ஸில், மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனான மாலாக் சரியாக வேலை செய்யுமா என்று ஓட்டிப் பார்க்க முடியாமல், செய்யாது என்றே முடிவு கட்டி, மாலாக் என்று எழுதிய இடமெல்லாம் ஆர்பிஎல் மாலாக் என்று மாற்றிவிடும். அப்படி ஒரு ஃபங்ஷனை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், லிங்கர் நிற்கும். தேடிப் பார்த்தால் தலை சுற்றும், சோர்ஸில் எங்கேயும் அந்தப் பெயர் இருக்காது. கான்ஃபிகருக்கு விடையை முன்கூட்டியே கேஷ் மாறி வழியாகக் கொடுத்துவிட்டால் கேள்வியே கேட்காது. எங்கள் போர்டில் குனூ சி லைப்ரரிதான் ஓடுகிறது. அங்கே விடை "எஸ்" என்பது தெரிந்த விஷயம்தானே.

பில்டின் நடுவிலேயே ஒரு கருவியை உண்டாக்கி, அதை ஓட்டி, அது துப்பும் சி கோப்பை மறுபடி கம்பைல் செய்யும் பேக்கேஜ்கள் ஏராளம். மேன் என்ற உதவிப் பக்கத்தை உண்டாக்க ஹெல்ப்2மேன் பயன்படுத்துபவையும் இதே ரகம், அது நிரலையே ஓட்டிப் பார்த்துதான் எழுதும். ஒரு கோப்பு எந்த வகை என்று சொல்லும், நாம் தினமும் பயன்படுத்தும் ஃபைல் கட்டளையின் பேக்கேஜே இப்படித்தான்: தன் மேஜிக் தரவுக் கோப்பைத் தொகுக்க, அதே பதிப்பு ஃபைல் பில்ட் மெஷினிலும் இருக்க வேண்டும். இங்கெல்லாம் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" வரும். அந்தச் சின்னக் கருவியை மட்டும் லேப்டாப்பின் ஜிசிசியால் கம்பைல் செய்ய வைக்க வேண்டும். மேக்ஃபைலில் சிசிக்குப் பக்கத்தில் பில்டுக்கான சிசி என்று இரண்டாவது மாறி ஒன்று வைப்பார்கள்.

அந்தக் கருவி பில்ட் மெஷினின் லாங் என்ற எண் வகையின் அளவு, ஸ்ட்ரக்ட் அமைப்பு போன்றவற்றை எடுத்து எழுதினால் விஷயம் மோசம். இன்டெல் 64க்கும் ஆர்ம்64க்கும் லாங் 8 பைட், பைட் வரிசையும் ஒன்றே, அதனால் தப்பித்துவிடுகிறோம். அதே சோர்ஸை 32 பிட் ஆர்முக்குக் கொண்டுபோனால் லாங் 4 பைட். ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் எஸ்390எக்ஸ் போனால் பைட் வரிசையே தலைகீழ். ஆர்ம்64க்குச் சுத்தமாக வருகிறது என்பதால் மட்டும் ஒரு பேக்கேஜை கிராஸ் பில்டுக்குத் தயார் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது கியூஎமு விஷயத்துக்குத் திரும்புகிறேன். லேப்டாப்பில் கியூஎமு-யூசர்-ஸ்டாட்டிக் நிறுவியிருந்தால், பின்எஃப்எம்டி-மிஸ்க் என்ற கெர்னல் வசதி வழியாக ஆர்ம் நிரலை நேராக ஓட்டினாலே ஓடிவிடும். வேறு ஆர்கிடெக்சரின் கன்டெய்னர் இமேஜுக்காக என்றைக்கோ நிறுவியதாக இருக்கும், நினைவில்கூட இருக்காது. கெர்னல் ஒன்றே என்பதால் சிரூட்டுக்குள்ளும் அது செல்லுபடியாகும். விளைவு, மேலே சொன்ன எக்ஸெக் ஃபார்மேட் எரர் எதுவும் உங்களுக்கு வராது. பக்கத்து இருக்கைக்காரருக்கு வரும். "என் மெஷின்ல ஓடுதே" என்ற வாதம் தொடங்கும். பில்ட் செய்யும் மெஷினில் அதை அணைத்தே வையுங்கள், பின்எஃப்எம்டி-க்கான அப்டேட் கட்டளையில் டிஸேபிள் உண்டு. டெஸ்ட்களை ஓட்டும் வேறு மெஷினில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கிராஸ் பில்டில் நோசெக் போட்டு டெஸ்ட்களைத் தவிர்த்துவிடுவதால் யாராவது ஓர் இடத்தில் அவற்றை ஓட்டித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு அது இரவில் போர்டிலேயே நடக்கிறது.

கிளிப்சி, அதாவது குனூ சி லைப்ரரி பற்றியும் சொல்ல வேண்டும். வெளியில் போன எங்கள் பழைய போர்டுகள் சில இன்னும் டெபியன் 11இல்தான். உபுண்டு 22.04 லேப்டாப்பில் ஆர்ம் ஜிசிசியை மட்டும் நிறுவி, சின்ன நிரல்தானே என்று கம்பைல் செய்து அங்கே அனுப்பினால், கிளிப்சி 2.34 இல்லை என்று ஓட மறுக்கும். 2.34 என்ற எண்ணே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. 2021இல் வந்த அந்தப் பதிப்பில் த்ரெட்களுக்கான பித்ரெட் லைப்ரரி முதன்மை லைப்ரரிக்குள் சேர்க்கப்பட்டது, நிரல் தொடங்கும் ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு முத்திரை குத்தப்பட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய கிளிப்சியோடு லிங்க் செய்த எதுவும், மெயின் ஃபங்ஷன் காலியாக இருந்தாலும், 2.34ஐக் கேட்கும். டெபியன் 11இல் இருப்பது 2.31. போர்டில் எந்த டெபியனோ அதே டெபியனின் சிரூட்டில் பில்ட் செய்வதைத் தவிர நேர்வழி கிடையாது.

ராஸ்பெரி பை ஜீரோ, முதல் பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஸ்பியனின் (32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ்) ஆர்ம்எச்எஃப் என்ற 32 பிட் ஆர்கிடெக்சர் ஆர்ம்வி6க்கானது. டெபியனின் ஆர்ம்எச்எஃப் ஆர்ம்வி7க்கானது. பெயர் ஒன்றே, சரக்கு வேறு. டெபியனின் கிராஸ் கம்பைலரில் செய்த நிரலை அங்கே போட்டால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று விழும். ஃபைல் கட்டளை இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். ரீட்எல்ஃப்-க்கு ஏ விருப்பம் கொடுத்துப் பார்த்தால்தான் வி6ஆ வி7ஆ என்று தெரியும்.

கடைசியாக, கிராஸ் பில்டின் தவறே இல்லாமல் கிராஸ் பில்டின் மேல் பழி விழும் ஒரு வகை. சிப் விற்றவர்கள் கொடுத்த சோர்ஸில் பதிவுகளைப் படிக்கும் ஒரு சின்ன நிரல். லேப்டாப்பில் படித்து முடித்து அழகாக வெளியேறும். போர்டில் ஒரு கோர் நூறு சதவீதத்தில் சுழன்றுகொண்டே இருக்கும், முடியாது. "கிராஸ் கம்பைலர் சரியில்லை, போர்டிலேயே கம்பைல் பண்ணுவோம்" என்று கூட்டத்தில் முடிவாகி, போர்டில் கம்பைல் செய்தும் அதே சுழற்சி. நிரலை ஓடும்போதே ஆராய உதவும் ஜிடிபி போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் கெட்கார் தரும் மதிப்பை கார் மாறியில் வாங்கி, இஓஎஃப் வந்துவிட்டதா என்று ஒப்பிட்டிருந்தார்கள். கோப்பு முடிந்தது என்பதற்கான அடையாளமான இஓஎஃப் என்பது மைனஸ் ஒன்று. எக்ஸ்86இல் ஜிசிசிக்கு கார் குறியுள்ளது, மைனஸ் ஒன்று மைனஸ் ஒன்றாகவே இருக்கும். லினக்ஸ் ஆர்மில் கார் குறியற்றது. உள்ளே போகும்போதே 255 ஆகிவிடும். 255 எந்தக் காலத்திலும் மைனஸ் ஒன்றுக்குச் சமமாகாது, லூப் ஓடிக்கொண்டே இருக்கும். மாறியை இன்ட் ஆக்கினால் தீர்ந்தது. எக்ஸ்86இலும் அது சரியான குறிமுறை அல்ல. கோப்பில் உண்மையாகவே ஒரு 255 பைட் இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும்.

இதற்கு ஒரு மலிவான சோதனை இருக்கிறது. லேப்டாப்பிலேயே, சாதாரண நேட்டிவ் பில்டில், ஜிசிசிக்கு அன்ஸைன்ட்-கார் விருப்பத்தைக் கொடுத்து டெஸ்ட்களை ஓட்டுங்கள். ஆர்மில் வெடிக்கப்போவதில் பாதி அங்கேயே வெடித்துவிடும், ஜிடிபியும் பக்கத்திலேயே இருக்கும். ரிஸ்க்-5 என்ற இன்னொரு பிராசஸர் வகையின் லினக்ஸிலும் கார் குறியற்றதுதான், ஆகவே டெபியன் 13இல் அதிகாரபூர்வமாக வந்துவிட்ட அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே சோதனை உதவும்.

எல்லாவற்றையும் கிராஸ் பில்டுதான் செய்வேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்ஷன் (சி லைப்ரரியைப் பிற மொழிகளிலிருந்து கூப்பிட உதவும் வசதி) உள்ள பேக்கேஜ்கள், லைப்ரரியை ஏற்றி ஓட்டித்தான் தன் விவரக் கோப்பை எழுதும். அதைச் சுற்றி வளைத்து வேலி போடுவதைவிட, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஆர்ம் கிளவுட் சர்வரில் நேட்டிவாகப் பில்ட் செய்வது எங்களுக்கு மலிவு. கெர்னலோ நேர்மாறு: ஆர்கிடெக்சரையும் கம்பைலர் முன்னொட்டையும் சொன்னால் போதும், டெப் பேக்கேஜாகவே தந்துவிடும், ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. கோ மொழியும் அப்படியே, சி குறிமுறையை அதில் இணைக்கும் சிகோ உள்ளே வராதவரை.

டெபியன் பேக்கேஜ் ஒன்றை எடுக்கும் முன் கிராஸ்க்யூஏ என்ற டெபியன் தளத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள்; கிராஸ் பில்ட் ஆகிறதா, எந்த ஆர்கிடெக்சருக்கு விழுகிறது என்பதெல்லாம் லாகோடு இருக்கும். ஹெல்முட் க்ரோன என்ற டெபியன் டெவலப்பர் பல வருடங்களாகப் பேக்கேஜ் பேக்கேஜாகப் போய் கிராஸ் பில்ட் பேட்ச்களைப் பக் டிராக்கரில் போட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் மாட்டிக்கொண்ட எரருக்கு அங்கே பேட்ச் ஏற்கனவே காத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் உங்களுடையதைப் போடுங்கள், எஃப்டிசிபிஎஃப்எஸ் (சோர்ஸிலிருந்து கிராஸ் பில்ட் ஆகவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தலைப்பில் எழுதினால் பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள்.